ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள்

இப்போது எல்லாருக்கும் அடுத்தவன் கதை வேண்டியிருக்கிறது. முன்னெல்லாம் ஒருவனைப் பார்த்தால் எந்த ஊரு, யாரு மகன் என்று கேட்பார்கள். சொன்னால் விட்டுவிடுவார்கள். இப்போது அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். சின்ன வயதில் எதற்குப் பயந்தாய், யாரைப் போல ஆக ஆசைப்பட்டாய், எதை நினைத்து அழுதாய் என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். கேட்கிறவனுக்கும் கூச்சமில்லை, சொல்லுகிறவனுக்கும் கூச்சமில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் ஒருவன் தன் குடும்பத்தையே அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போகிறான். அந்தக் கதையைக் கொண்டு யார் என்ன செய்வார்கள் என்று ஒருத்தனும் யோசிப்பதில்லை. நான் பன்னிரண்டு வருசமாகத் தல்லாகுளத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கிறேன். கோர்ட்டுக்கும் ஆபீசுகளுக்கும் வருகிறவர்கள் என்னிடம்தான் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனவன் சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு வந்து வண்டியை எடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

அன்றைக்குப் பதினோரு மணி வெயிலில் என் மகள் பாண்டிமீனா ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நெஞ்சோடு ஒரு காக்கி ஃபைலை அணைத்திருந்தாள். நான் ஒரு மொபெட்டின் ஹேண்டில்பாரில் பாதி அட்டையைக் கட்டிவிட்டு மீதிப் பாதியை வண்டிக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"யப்பா, வியாழக்கெழம காலையில ஒரு மணி நேரம் எங்கூட வரணும்."

"எதுக்கு?"

"ஹம்சவேணி மேடம் வரச் சொன்னாங்க. நீ வந்து பேசணுமாம்."

"எனக்கு என்னத்தப் பேசத் தெரியும்?"

"அதத்தான் நானும் சொன்னேன். எங்கப்பா ஒரு டோக்கனுக்கு ஒரு வார்த்ததான் பேசுவாரு மேடம்னேன். கூட்டிட்டு வா, நான் பேச வச்சுக்கிறேன்னாங்க."

மொபெட்டுக்காரர் சிரித்தார். "பாத்துண்ணே, புள்ள உங்களுக்கே சம்மன் கொண்டாந்துருக்கு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எனக்கு ஆகாது.

ஹம்சவேணி அம்மாவை நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன். சௌராஷ்டிர வீட்டுப் பெண், ஐம்பது வயது இருக்கும். டீச்சர் வேலையை விட்டுவிட்டு, ஒரு டிரஸ்ட்டுக்காரர்களோடு சேர்ந்து, ஸ்டாண்டிலிருந்து நாலு தெரு தள்ளி மாடியில் இரண்டு அறை பிடித்திருந்தார். படித்து முடித்த பிள்ளைகளுக்கு இன்ன படிப்புப் படி, இன்ன வேலைக்குப் போ என்று வழி சொல்லுகிற இடம். மார்க்கைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு ஒன்றுமில்லை. அவர் கதை கேட்கிறார். உனக்கு நினைவிருக்கிற முதல் சம்பவம் என்ன, சின்னதில் யாரைப் பார்த்து வியந்தாய், அதை எழுது, பேப்பரில் போடுவது மாதிரி அதற்கு ஒரு தலைப்பும் வை என்கிறார். நீ செய்யவேண்டிய வேலை அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது, நான் எடுத்துக் காட்டுகிறேன் என்கிறார். பொருந்தாத வேலையில் போய் விழுந்து ஆயுசைக் கழிக்காதே என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கரும்பு வெட்டினபோது அது எனக்குப் பொருந்துகிறதா என்று கரும்பும் கேட்கவில்லை, கரும்புக்காரனும் கேட்கவில்லை.

மீனா தன் கதைக்கு வைத்த தலைப்பை வீட்டில் ஒரு நாள் வாசித்துக் காட்டினாள். 'மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் தந்தை.'

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான். அவளுக்கு நாலு வயது. விடியற்காலையில் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. கண் சொருகிவிட்டது. நான் தோளில் போட்டுக்கொண்டு அலங்காநல்லூர் வரை ஓடி, பஸ்ஸைப் பிடித்து, மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கிடத்தினேன். ஒரு நர்சம்மா ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்துத் துடைத்துச் சூட்டை இறக்கினார். அவர் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை.

இதில் ஒரு சொல்லும் நிசமில்லை. என் மகளுக்கு ஜன்னி கண்டதே கிடையாது. கல்லு மாதிரி வளர்ந்த பிள்ளை.

அன்றைக்குக் காலையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியாக வந்துகொண்டிருந்தேன். அழகுமலையைப் பார்க்கலாம் என்று வந்தேன். எனக்கு அண்ணன் முறை. ஒரே வரிசையில் நின்று கரும்பு வெட்டினவர்கள் நாங்கள். தோப்பு வீட்டுக்காரர் வளைத்துப்போட்டிருந்த புறம்போக்கில் எங்கள் ஆட்களுக்குப் பட்டா வேண்டும் என்று மனு எழுதிப் போட்டவன் அழகுமலை. மூன்று பேர் அவனை வாய்க்காலுக்குள் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தோப்பு வீட்டுச் சின்னவர். நான் கரும்புக்குள் ஒதுங்கிப் பிள்ளையை இறக்கி நிறுத்தினேன். ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. ஒரு கையால் பிள்ளையின் கண்ணைப் பொத்தினேன். மறு கையால் வாயைப் பொத்தினேன். காதைப் பொத்த எனக்குக் கை இல்லை.

நான் அந்த வழியாக வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். போலீஸ் கொலைக் கேஸில் என் பேரைச் சாட்சியாக எழுதிக்கொண்டது. மறு வாரமே தோப்பு வீட்டு வக்கீல் எனக்கு ஒரு கதை கொடுத்தார். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, பிள்ளைக்கு ஜன்னி, ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன். அவருடைய குமாஸ்தா எங்கிருந்தோ ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டும் கொண்டுவந்தார். இரண்டு வருசம் கழித்துக் கூண்டில் ஏறிச் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அழகுமலை பெண்டாட்டி முனியாயி கதவோரம் நின்றது. என்னைத் திட்டும், மண்ணை வாரி எறியும் என்று பயந்துகொண்டே இறங்கி வந்தேன். ஒன்றும் செய்யவில்லை. மீனாவின் தலையைத் தடவி, "ஒனக்கா தாயி ஜன்னி கண்டுச்சு?" என்று மட்டும் கேட்டது.

கேஸ் நிற்கவில்லை. அடுத்த மாதம் இந்த ஸ்டாண்டு எனக்கு வந்தது. நான் கேட்கவே இல்லை. வக்கீல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வந்து உட்கார் என்றார். வந்து உட்கார்ந்தேன்.

பிள்ளை வாயில் வேறு ஏதும் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்கும் அந்தக் கதையையே சோறு மாதிரி ஊட்டினோம். அது அவள் உடம்பில் ஒட்டிவிட்டது. ஆறு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் படுக்கப்போட்டு ஈரத்துணியால் துடைப்பாள். பத்து வயதில் நான் நர்சாகத்தான் ஆவேன் என்றாள். டீச்சருக்குப் படி, டைப் அடிக்கப் படி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இப்போது அந்தக் கதையை ஒருவர் பேப்பரில் எழுதி வாங்கியிருக்கிறார். அதை நான் வந்து சரி என்று சொல்ல வேண்டுமாம்.

தோப்பு வீட்டுச் சின்னவர் இன்னும் மாதம் இரண்டு தடவையாவது கோர்ட்டுப் பக்கம் வருவார். புல்லட்டை என் முன்னால் நிறுத்துவார். டோக்கன் வாங்கமாட்டார். தலை நரைத்துவிட்டது, நடை மட்டும் மாறவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையும் வந்தார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "என்ன பால்பாண்டி, புள்ள என்ன படிக்குது?" என்றார். "ப்ளஸ் டூ முடிச்சிருக்குங்கய்யா," என்றேன். "நல்லாப் படிக்க வைய்யி. நல்ல புள்ள. சின்னதுல பாத்தது," என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வண்டி வெயிலில் நின்று சூடேறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மூன்று வண்டிகளுக்கு அட்டையை மாற்றிக் கட்டிவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் பீபீகுளத்து வீட்டில் என் பெண்டாட்டி மலையம்மாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மலையம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"நாளைக்குப் போறியா?"

"போகாட்டி என்னன்னு கேப்பா."

"போயிச் சொல்லிட்டு வா. எத்தன தடவ சொன்ன கத. இன்னொரு வாட்டி சொன்னா வாயா வெந்துபோகும்?"

"அந்தம்மா குறுக்க குறுக்கக் கேக்குமாம்."

"வக்கீலு கேக்காததவா கேட்டுறப் போகுது?" கத்தியை வைத்தாள். குரலை இறக்கினாள். "இந்தாய்யா, வேற எதும் நெனப்பு இருக்கா ஒனக்கு? உள்ளதச் சொல்லிறலாம்னு?"

"கிறுக்கச்சி."

"சொன்னா அவ ஒன்னய அப்பான்னு கூப்புடமாட்டா. என்னயவும் சேத்துத்தான். அதோட நிக்கவும் மாட்டா. எந்திரிச்சு நேரா முனியாயிகிட்டப் போயி நிப்பா. அவ ஒன்னய மாதிரி இல்ல."

அதுதான் என் பயமும். என் மகளுக்குப் பயம் என்பதே தெரியாது. தெருவில் ரேஷன் கடைக்காரனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேள்வி கேட்கிறவள். தெரிந்தால் புல்லட்டு முன்னால் போய் நிற்பாள். நான் பொத்தி வைத்ததெல்லாம் அவளை வைத்தே வெளியே வரும். சின்னவருக்கும் தெரியவரும். அப்புறம் எந்த வாய்க்கால், எந்தக் காலை என்று நான் என்னத்தைக் கண்டேன்.

"நர்சுக்குப் படிக்கட்டும்யா," என்றாள் மலையம்மாள். "எதுல மொளச்சாலும் நல்ல ஆசதான மொளச்சிருக்கு. நாலு பேருக்கு ஒத்தாசையா இருந்துட்டுப் போறா." சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள். நறுக்கின காயையே திரும்ப நறுக்கினாள்.

வியாழக்கிழமை படியேறினோம். முதல் அறைச் சுவர் முழுக்கச் சார்ட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆயுசை ஒரு கோடாக வரைந்திருந்தது. கோடு ஏறும், இறங்கும், அங்கங்கே படம். பாண்டிமீனா என்று பேர் போட்ட சார்ட்டில் ஒரு ஆள் குச்சிக் காலால் ஓடிக்கொண்டிருந்தான். தோளில் ஒரு பிள்ளை. எதிரே வெள்ளைத் தொப்பி வைத்த நர்சு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஆளுக்கு என் மீசையை வரைந்து வைத்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற சுவரில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"கால் ரொம்ப நீளம்."

"ஓடுற காலு நீளமாத்தான் இருக்கும்."

உள்ளே ஹம்சவேணி அம்மா அவர்கள் பாஷையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். என்னைப் பற்றித்தான் யாரிடமோ சொல்லுகிறார் என்று எனக்குப் பட்டது. கடைசியில் 'சிலிண்டர்' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. அப்போதும் எனக்கு முழுசாகச் சந்தேகம் தீரவில்லை.

"வாங்கய்யா, உக்காருங்க. நீங்க வந்ததே பெரிய விஷயம்," என்றார். மோர் வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "திருநகர் பக்கம் ஒரு நர்சிங் காலேஜ்ல ஹாஸ்டலோட இடம் இருக்கு. செலவு முழுக்க எங்க டிரஸ்ட்டு ஏத்துக்கும். ஆனா அவங்க ஒண்ணு கேப்பாங்க. வந்த பிள்ளை பாதியில போயிடக் கூடாது. இது அவ வாழ்க்கையில வேர் விட்ட ஆசைன்னு நான் எழுதிக் கொடுக்கணும். அதுக்குத்தான் உங்க வாயால கேக்கணும்னு நினைச்சேன்."

"அவ எழுதுனதுதாம்மா எல்லாம்."

"அது அவ கதை. உங்க கதை ஒண்ணு இருக்குல்ல? ஒவ்வொருத்தர் வேலையும் அவங்கவங்க கதையிலேர்ந்துதான்யா வருது. நீங்க வேணாப் பாருங்க, உங்க வேலையும் அப்படித்தான் வந்திருக்கும்."

இந்தம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். மூக்குத்தியும் சிரிப்புமாகப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஸ்டாண்டு வேலைக்கு எப்படி வந்தீங்க?"

"கெடச்சுச்சு."

"யார் மூலமா?"

வேறு பேர் எதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. "ஒரு வக்கீலு," என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "எந்த வக்கீலுப்பா? நீ சொன்னதே இல்ல?"

"கோர்ட்டுப் பக்கம் வக்கீலுக்கா பஞ்சம்? கல்ல விட்டெறிஞ்சா கருப்புக் கோட்டுலதான் விழும்."

அம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. மூன்று வரி எழுதினார். நான் சொன்னது மூன்று வரிக்குப் போதாது.

பிறகு ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டார். நான் சொன்னேன். வாயைத் திறந்ததும் அது தானாக வந்தது. விடிய ஒரு நாழிகை இருக்கும், தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது, கண் சொருகிவிட்டது, அலங்காநல்லூர் முக்கில் பஸ் நின்றது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, தூறல் விழுந்தது. கூண்டில் சொன்ன அதே வரிசை. ஒரு சொல் முன்னே பின்னே போகவில்லை. மூன்றாவது சீட்டு என்று சொல்லும்போது மகளின் உதடும் கூடவே அசைந்தது. ஹம்சவேணி அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல மனுசியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணுய்யா," என்றார். ஃபைலில் ஒரு தாளைத் தேடி எடுத்தார். "முதல் ஞாபகம் மூணு எழுதச் சொல்லுவேன். ரெண்டுக்குத் தலைப்பு வச்சிருக்கா. ஒண்ணுக்குத் தலைப்பே வைக்கல. கேட்டா தெரியலங்குறா. மீனா, நீயே சொல்லேன்."

மகள் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா. ஒரே இருட்டா இருக்கும். பக்கத்துல தண்ணிச் சத்தம். மண்ணு வாசம். எனக்கு மூச்சு முட்டும். யாரோ ஒரு ஆளு 'ஆத்தா, ஆத்தா'ன்னு கூப்புடுவாரு. ரெண்டு தடவ நல்லாக் கேக்கும். மூணாவது தடவ பாதியில நின்னுரும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். பதினாலு வருசமாக அந்தச் சத்தம் என் ஒருத்தன் காதில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் காதிலும் இருந்திருக்கிறது. சோறு சாப்பிடும்போதும், பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடும்போதும், என் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்ளும்போதும் அது அங்கேயே இருந்திருக்கிறது. தலைப்பு மட்டும் இல்லாமல்.

"நீங்க தூக்கிட்டு ஓடுனப்ப இருக்குமோன்னு எனக்கு ஒரு யோசனை," என்றார் அம்மா. "ஜன்னியில பிள்ளைக்கு எல்லாம் இருட்டாத்தான் தெரிஞ்சிருக்கும். தண்ணிச் சத்தம் நர்ஸம்மா துணி நனைச்சது. அந்தக் குரல் யாரோடதுய்யா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அழகுமலைக்கு ஆத்தா செத்து அப்போதே இருபது வருசம் ஆகியிருந்தது. இருந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டான்.

"நாந்தேன் கூப்புட்டேன்," என்றேன். "புள்ளயத் தூக்கிட்டு ஓடுறப்ப. பயத்துல ஆத்தா ஆத்தான்னு வரும்ல."

"பாத்தியா!" என்றார் அம்மா. மேஜையை லேசாகத் தட்டினார். "ரெண்டும் ஒரே கதைதான் மீனா. உங்கப்பா பயம் உனக்குள்ள அப்படியே இருந்திருக்கு. இப்படிக் கூப்பிடுற குரலுக்கு ஓடிப்போய் நிக்கணும்னுதான் நீ நர்ஸாகணும்ங்குற." வேகமாக எழுதத் தொடங்கினார்.

மகள் எழுதுகிற பேனாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒன் குரலு மாதிரி இல்லப்பா அது," என்றாள்.

"ஓட்டத்துல கொரலு மாறும்த்தா."

நினைவு வந்தவள் போல அவள் ஃபைலின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். பழுப்பேறின ஜெராக்ஸ். மடிப்பில் கிழிந்து சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. குமாஸ்தா கொண்டுவந்த ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். மலையம்மாள் அதை அடுப்பில் போட்டுவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அம்மா பெட்டியில ரேஷன் கார்டுக்கு அடியில இருந்துச்சு மேடம். சார்ட்டுல ஒட்டலாமான்னு எடுத்தாந்தேன். அன்னைக்கு உள்ள சீட்டுதான் இது."

எனக்கு அந்தச் சீட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. எல்லாம் இங்கிலீசு. கூண்டில் அதைத் தூக்கிக் காட்டினபோதுகூட என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பேரிலும் தேதியிலும் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் கீழே வந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. எடுக்கவில்லை.

நான் மோர் டம்ளரைப் பார்த்தேன். அது எப்போதோ காலியாகியிருந்தது.

"என்ன மேடம்?" என்றாள் மகள்.

"ஆண் குழந்தை, வயசு ஏழுன்னு போட்டிருக்கே."

எனக்குச் சொல்லிக்கொடுத்த கதையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. வக்கீலும் இதைப் பார்க்கவில்லை, எதிர்த்தரப்பும் பார்க்கவில்லை, கோர்ட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு டீச்சரம்மா பார்த்துவிட்டார். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. சீட்டை மெதுவாக மடித்தார்.

"கூட்டத்துல அவசரமா எழுதுறவங்க தப்பாப் போட்டுருப்பாங்க," என்றார். என்னிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று விளங்கவில்லை. "கதைதான் முக்கியம். சீட்டு ஒண்ணும் ஒட்ட வேண்டாம்."

மகள் கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள். மடித்ததைப் பிரித்தாள்.

நான் எழுந்தேன். "ஸ்டாண்ட அப்புடியே போட்டுட்டு வந்தேன். ஆளுக நிப்பாக."

"ஐயா, ஒரு கையெழுத்து. நீங்க சொன்னதுதான் இதுல இருக்குன்னு."

"அப்பறமா வாரேன்."

"ஒரு நிமிஷம்தான்யா."

"வாரேம்மா," என்று சொல்லிக்கொண்டே அறையைத் தாண்டிவிட்டேன். வாசலில் ஒரு தடவை திரும்பினேன். மகள் ஜன்னல் பக்கம் போய் நின்று சீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கூப்பிடுவாள் என்று நின்றேன். கூப்பிடவில்லை. படியிறங்கினேன்.

தெருவில் வெயில் முகத்தில் அடித்தது. அந்தம்மா நல்லவராகவே இருக்கட்டும். என் மகளுக்கு இடம் வாங்கிக் கொடுக்கட்டும். ஆனாலும் ஒருத்தன் கதையைக் கேட்டு அவனுக்கு வழி காட்ட முடியும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். யாரும் உள்ள கதையைச் சொல்லுவதில்லை. சொல்லாததைத் தோண்டி எடுத்து அவர் என்ன வழி காட்டுவார்? அதை யார் தாங்குவார்கள்?

"ஐயா! ஐயா, பேப்பர்!" மாடி ஜன்னலிலிருந்து ஹம்சவேணி அம்மாவின் கை வெளியே நீண்டது. தாள் காற்றில் படபடத்தது. நான் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் மகள் இல்லை.

நடந்தேன். பின்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. ஏழெட்டுப் படி இறங்கியிருக்கும். நின்றுவிட்டது. மறுபடி கேட்கும் என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி போனது. பின்பக்கக் குழாயைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். ரோடு நெடுக ஒரு ஈரக்கோடு விழுந்துகொண்டே போனது. வெயில் அதைப் பின்னாலேயே குடித்துக்கொண்டு வந்தது. நான் அதில் கால் படாமல் ஓரமாகவே ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.